இடது கால் அக்காவோடது

எங்க அக்கா தையல்காரி. அவ தைச்ச சட்டையில ஒரு நூல் பிசிறு பார்த்துட முடியாது. பிசிறெல்லாம் மனசுலதான். சொந்தப் புருஷன் மேலயே அவளுக்கு அப்படி ஒரு பொறாமை.

காரணம் பட்டாணி, அவங்க மூணு வயசு மக. பொறந்ததுலேருந்தே உள்ளங்கால் தோல் தடிச்சு, செருப்போட அடிப்பக்கம் மாதிரி இருக்கும். மாமாவுக்கும் அதே கால்தான், பரம்பரையா வர்றது. கவனிக்காம விட்டா வெடிச்சிடும், பிள்ளையால நடக்க முடியாது. தினமும் வெதுவெதுப்பான தண்ணியில காலை ஊற வெச்சு, டாக்டர் குடுத்த க்ரீம் போடணும். பட்டாணியோ, மாமாகிட்ட மட்டும்தான் காலை நீட்டுவா.

"அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே கால். நான் யாரு, வாடகைக்கு வந்தவளா?"ன்னு மூக்கை உறிஞ்சிக்கிட்டே அக்கா ஒரு சட்டம் போட்டா. வலது கால் மாமாவுக்கு, இடது கால் அவளுக்கு.

மாமா சோம்பேறி. சொட்டச் சொட்ட இருக்கிற கால்ல அப்படியே க்ரீமை அப்பிட்டு, "முடிஞ்சுது மகாராணி!"ன்னு கனைச்சுட்டுப் போயிடுவார். அக்கா அப்படியா? துண்டால அழுத்தித் துடைச்சு, விரல் இடுக்கெல்லாம் ஒத்தி, விசிறிக் காய வெச்சு, அப்புறம்தான் க்ரீமையே தொறப்பா.

பத்து நாள்ல வலது கால் தோல் இளகிடுச்சு. இடது குதிகால் வெடிச்சு ரத்தம். பட்டாணி நொண்டிக்கிட்டே, "இது அப்பா கால், நல்ல கால். இது அம்மா கால், கெட்ட கால்"னா.

"அந்த மனுஷன் ஒளிச்சு வெச்சு வேற எதையோ போடுறாருடி!" அக்கா ஆஸ்பத்திரிக்கே ஓடினா. நானும் கூடப் போனேன்.

"எப்படிப் போடுறே, செஞ்சு காட்டு"ன்னாங்க நர்ஸ். காட்டினா. நர்ஸ் தலையில கை வெச்சுக்கிட்டாங்க. "ஏம்மா, ஈரத்தோட போட்டாத்தானே ஈரம் உள்ள நிக்கும்? இப்படித் துடைச்சா ஊற வெச்சதே வீணாச்சே! வெடிப்பு ஆறுற வரைக்கும் அந்த இடத்துல வெறும் வாஸ்லின் போடு."

வெளிய வந்ததும் அக்கா பொரிஞ்சா. "பார்த்தியா! அவரு சோம்பேறித்தனம்கூட வைத்தியமாப் போச்சு!"

ஆனா மறுநாள்லேருந்து அவளும் ஈரக் கால்லதான் போட்டா. கொஞ்ச நாள்ல இடது காலும் இளகிடுச்சு. ஒருநாள் பட்டாணியே க்ரீமைத் தோண்டி மாமா குதிகால்ல அப்பினா. "ஆடாதேப்பா!"

அக்கா சும்மா இருப்பாளா? வழவழன்னு இருந்த தன் காலை நடுவுல நீட்டினா. "எனக்கும் போடுடி தங்கம்."

பட்டாணி தடவிப் பார்த்தா. திருப்பிப் பார்த்தா. "உனக்குத்தான் ஒண்ணுமே இல்லையேம்மா"ன்னு தள்ளிவிட்டுட்டு, அப்பாவோட அடுத்த காலுக்குப் போயிட்டா.

அக்கா காலை இழுத்துக்கவே இல்லை.

"ஒரு பொட்டு வைடி. போதும்."