துக்கம் விசாரிக்கப் போன பதினான்கு பேர்

செயற்கைப் பல் செய்கிறவர் என்பதால் சங்கத்தில் அவரைப் 'பல்லு' என்றே கூப்பிடுவார்கள். பல் மருத்துவமனையின் மாடியில், ஒரே ஒரு சன்னல் உள்ள அறையில், மாவு அச்சும் மெழுகுமாக அடுத்தவர் வாயைப் பார்த்தே இருபத்தாறு வருடம் ஓட்டிவிட்டார். வாரத்தில் ஆறு நாள் அந்த அறை. ஏழாவது நாள் மோட்டார் சைக்கிள். அவர் பிறப்பதற்கு முன்பே ஓடத் தொடங்கிய ஒற்றை சிலிண்டர் வண்டி அது. மூன்றாவது உதைக்கு முன்னால் கண் திறக்காது.

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் சங்கத்தின் மாத மடலை எழுதுவதும் அவர்தான். நான்கு பக்கம். யார் எங்கே போய் வந்தார், யாருக்கு வழியில் கிளட்ச் வயர் அறுந்தது, எந்த மேட்டில் யாருடைய வண்டி மூச்சுவாங்கியது என்று பதினோரு வருடமாக எழுதி வந்தார். முதல் எட்டு வருடம் ஆசையாக எழுதினார். அதற்குப் பிறகு, எழுத உட்கார்ந்தாலே வாயில் ஏதோ கசக்கும்.

கசக்காமல் என்ன செய்யும்? உறுப்பினர்கள் நாற்பத்து மூன்று பேர். வண்டியை நிஜமாகவே ஓட்டுகிறவர்கள் ஒன்பது பேர். மற்றவர்கள் கண்காட்சிக்கு மினி லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு வருவார்கள். தெருமுனையில் இறக்கி, கடைசி இருநூறு அடியை மட்டும் ஓட்டி வந்து, வராத வேர்வையைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொள்வார்கள். தலைவர் டைல்ஸ் கடை முதலாளி. 'நெடும்பயணம் மேற்கொண்டு வந்து சேர்ந்தனர்' என்று போடச் சொல்வார். பல்லு போடுவார். மனைவி அதைப் படித்துவிட்டு, இந்தப் பயணத்தில் லாரிக்குத்தான் களைப்பாக இருந்திருக்கும் என்பாள்.

அந்த ஒன்பது பேரில் ஒருவர் லிஃப்ட்காரர். கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. வண்டிப்பெட்டியில் கருவிகளை அடைத்துக்கொண்டு தினமும் அந்தப் பழைய வண்டியில்தான் வேலைக்குப் போவார். பெயிண்ட் உதிர்ந்து, டேங்கில் முழங்கால் படும் இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கும். கண்காட்சியில் அதற்கு ஒருமுறைகூடப் பரிசு கிடைத்ததில்லை. ஆனால் பரிசு வாங்கிய வண்டி கிளம்ப மறுத்தால், எல்லாரும் அவரைத்தான் தேடுவார்கள். அவரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்துவிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

செய்தி சங்கத்தின் வாட்ஸ்அப்பில் வந்ததும் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. ஈடு செய்ய முடியாத இழப்பு என்றார்கள், மாமனிதர் என்றார்கள். இருபதாவது நிமிடத்தில் ஒருவர், வண்டியை வீட்டில் என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்டுவிட்டு உடனே அழித்துவிட்டார். பல்லு அதைப் பார்த்துவிட்டார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, யாருடைய கடைவாய்ப் பல்லையோ தேய்க்க ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் பதினான்கு பேர் துக்கம் விசாரிக்கப் போனார்கள். எல்லாரும் சங்கத்தின் ஜாக்கெட், நெஞ்சில் வெள்ளி நிற பேட்ஜ். லிஃப்ட்காரரின் மனைவி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவர். பல்லு அவரை அக்கா என்று கூப்பிடுவார். அக்கா முன்னறையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நாங்கள் இருக்கிறோம், எதற்கும் கவலைப்படக்கூடாது என்று நிதானமாகப் பேசினார். அறையில் நாற்காலிகள் ஐந்துதான். நின்றிருந்தவர்களில் ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். இன்னொருவர் கைகழுவ இடம் கேட்டார். மூன்றாமவர் எதுவும் கேட்காமலே நழுவினார். சற்று நேரத்தில் பேச்சை முடித்துக்கொண்டு தலைவரும் எழுந்தார். பல்லுவும் எழுந்தார். மூவர் மட்டும் அக்காவோடு உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டின் பின்பக்கம் தகரக் கொட்டகை. உள்ளே கண்ட காட்சியைப் பின்னாளில் மனைவியிடம் சொல்லும்போது பல்லுவுக்குச் சரியான சொல் கிடைக்கவில்லை. தலைவர் தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, போன் வெளிச்சத்தில் வண்டியின் சேஸிஸ் எண்ணைப் படித்துக்கொண்டிருந்தார். ஒருவர் அதிலிருந்து கழற்றிய கார்புரேட்டரை உள்ளங்கையில் வைத்து, தக்காளி வாங்குவதுபோல எடை பார்த்துக்கொண்டிருந்தார். அலமாரியிலிருந்த தகர டப்பாக்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அக்காவுக்கு இதெல்லாம் வெறும் இரும்புதானே என்று ஒருவர் முணுமுணுத்தார். ஆமாம், எடைக்குப் போட்டுவிடுவார்கள், அதைவிட இது புண்ணியம் என்று இன்னொருவர் அதற்குத் தாளம் போட்டார்.

பல்லுவுக்குக் குமட்டியது. அது நிஜம். ஆனால் மூன்றாவது தட்டில் ஒரு மேக்னெட்டோ இருந்தது. எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் பாகம்; அவருடைய வண்டிக்குப் பொருந்துவது; நான்கு வருடமாக அவர் தேடாத இடமில்லை. குமட்டிக்கொண்டு இருக்கும்போதே அவருடைய கை நீண்டது. சுற்றியிருந்த துணியோடு அது ஜாக்கெட்டின் இடது பைக்குள் போனது. 'கை போனது' என்றுதான் அவர் பிறகும் சொல்வார். மனைவி விடமாட்டாள். "நீங்க எடுத்தீங்கன்னு சொல்லுங்க" என்பாள்.

அப்போதுதான் வாசலில் நிழல் விழுந்தது. அக்கா நின்றிருந்தார். மூலையில் மடக்கி வைத்திருந்த நாற்காலிகளைப் பார்த்தார். பிறகு அவர்கள் கைகளைப் பார்த்தார்.

"வந்தவங்க உக்கார நாற்காலி எடுக்கலாம்னு வந்தேன். எல்லாரும் இங்கயே நிக்கிறீங்க."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நாற்காலியை எடுக்காமலே திரும்பிப் போனார். கொட்டகையில் யாரோ ஒரு டப்பாவை மெதுவாக மூடினார். கையிலிருந்ததைக் கீழே வைத்தவர் ஒருவரும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஜாக்கெட்டை வாங்கி மாட்டப் போனாள். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு தொங்கியது. கையை விட்டு வெளியே எடுத்தாள்.

"சாவு வீட்டுல இதையும் குடுத்து அனுப்புறாங்களா?"

அன்று அவர் தட்டில் போட்டது போட்டபடி இருந்தது. மறுநாள் வேலையில் ஒரு கிழவருக்கான மேல்வரிசைப் பற்களை மெழுகில் நட்டுக்கொண்டிருந்தபோது விரல்களில் அந்தக் கொட்டகையின் எண்ணெய் வாடை அடித்தது. இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். போகவில்லை. வாடை விரலில் இல்லை என்று அவருக்கே தெரியும்.

தலைவர் மதியம் போன் செய்தார். மடலில் அரைப்பக்கம் அஞ்சலி வேண்டும், கூடவே ஒரு வரி சேர்க்க வேண்டும்: மறைந்தவரின் உதிரிப் பாகங்களைக் குடும்பத்தினர் மனமுவந்து சங்கத்தின் பாதுகாப்பில் ஒப்படைத்தனர். வாய் கூசாமல் அவர் சொல்லச் சொல்ல, பல்லு ம் கொட்டிக்கொண்டிருந்தார். தன்னுடைய ம் தனக்கே அருவருப்பாக இருந்தது.

அடுத்த நாள் மேக்னெட்டோவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனார். கூட்டம். இருமல் மருந்து கேட்கிறவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றார். முறை வந்ததும் பையைக் கண்ணாடி மேசைமேல் வைத்து, "அக்கா, இது அன்னைக்கு நான் எடுத்தது" என்றார்.

அக்கா பைக்குள் எட்டிப் பார்த்தார். "திருப்பிக் குடுக்க வந்ததுல நீங்க ரெண்டாவது ஆளு, தம்பி."

முதல் ஆள் யார் என்று கேட்டார்.

"உங்க தலைவரு. ஒரு ஸ்பேனரக் குடுத்துட்டு, வண்டியக் கேட்டாரு."

பின்னால் நின்றவர் மருந்துச் சீட்டை நீட்டினார். அக்கா அதை வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பிவிட்டார்.

அன்று சாயங்காலமே பல்லு மடலை எழுதி முடித்தார். பதினோரு வருடத்தில் நடந்ததை நடந்தபடி எழுதியது அதுதான். துக்கம் விசாரிக்கப் போனவர்கள் பதினான்கு பேர். முன்னறையில் கடைசிவரை இருந்தவர்கள் மூவர். கொட்டகைக்குள் இருந்தவர்கள் பதினொருவர். அங்கிருந்து காணாமல் போனவை: கார்புரேட்டர், முன்விளக்கு வளையம், டேங்க் மூடி, இரண்டு பிஸ்டன், பெயர் தெரியாத பல. மேக்னெட்டோவை எடுத்தது இதை எழுதுகிறவன், திருப்பிக் கொடுத்தாயிற்று. மற்றவர்கள் விலாசம் அறிவார்கள். இவ்வளவுதான். தலைவருக்குக் காட்டாமல் உறுப்பினர்கள் எல்லாருக்கும் அனுப்பிவிட்டார்.

டைல்ஸ் கடையின் மாடியில் அவசரக் கூட்டம் கூடியது. எடுத்தது தப்பு என்று ஒருவரும் பேசவில்லை. எழுதியதுதான் தப்பு. சங்கத்தின் மானத்தைச் சந்தையில் விற்றுவிட்டதாகத் தலைவர் குரல் தழுதழுக்கச் சொன்னார். கார்புரேட்டரை எடை பார்த்தவர், இப்படியா ஒரு துக்க வீட்டைக் கொச்சைப்படுத்துவது என்று கேட்டார். பல்லு அந்த முகங்களைப் பார்த்தார். இத்தனை பேரோடு பதினோரு வருடம் ஒரே தட்டில் கைநனைத்திருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டார். அவரை நீக்குவதாகத் தீர்மானம் படித்தபோது, தானே பேட்ஜைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு இறங்கினார். முன்னறையில் உட்கார்ந்திருந்த அந்த மூவரும் பின்னாலேயே இறங்கினார்கள். அவர்களும் வண்டியை நிஜமாகவே ஓட்டுகிற அந்த ஒன்பது பேரைச் சேர்ந்தவர்கள்.

அதன்பிறகு இரண்டு வாரத்துக்குள் அக்காவின் மதில்மேல் ஒவ்வொன்றாகப் பைகள் முளைத்தன. யாரும் மணியடிக்கவில்லை, வைத்துவிட்டு ஓடியிருக்கிறார்கள். பாதி சாமான் திரும்பிவிட்டது. கார்புரேட்டர் வரவில்லை. வண்டியை அக்கா சங்கத்துக்குத் தரவில்லை. கணவரோடு வேலை பார்த்த இன்னொரு லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கொடுத்தார். வேலைக்கு அதில்தான் போக வேண்டும் என்று மட்டும் சொன்னார். வேறு கார்புரேட்டர் மாட்டி அவர் அப்படித்தான் போகிறார். பல்லு வேலைக்குப் போகிற வழியில் சிக்னலில் ஒருநாள் பார்த்தார். நின்ற இடத்தில் நான்கு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டுப் போனது.

சங்கத்தின் மடல் இப்போது வழவழ தாளில் வருகிறது; பட்டியலில் பெயரை எடுக்க மறந்ததால் பல்லு வீட்டுக்கும். பக்கத்துக்குப் பக்கம் தலைவர் படம். லிஃப்ட்காரருக்கு முழுப்பக்க அஞ்சலி போட்டிருந்தார்கள். 'அவர் நினைவுகளை நாங்கள் பத்திரமாக வைத்திருக்கிறோம்' என்று தங்க எழுத்தில் அச்சாகியிருந்தது. மனைவி அதைப் படித்துவிட்டுப் பழைய பேப்பர் கட்டில் செருகினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பல்லுவும் அந்த மூவரும் பாலத்தடியில் சேர்ந்து கிளம்புகிறார்கள். பேட்ஜ் கிடையாது, ஜாக்கெட் கிடையாது, மடலும் கிடையாது. இனி நாமே ஒரு சங்கம் ஆரம்பித்துத் தலைவர் ஒருத்தரைப் போட்டால் என்ன என்று ஒருவர் ஒருமுறை கேட்டார். மற்ற மூன்று பேரும் வண்டியை உதைக்க ஆரம்பித்தார்கள்.