இரவல் வாங்கிய நீலக் கோட்டு

வரைபட அலுவலகத்தில் அவனுக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர். ஆள் அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. கோடு போடுவதில் சுமார்தான். ஆனால் அடுத்தவரைப் போல நடித்துக் காட்டுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மேலாளர் தும்முவதற்கு முன்னால் மூக்கைச் சுளிப்பதைச் செய்து காட்டினால் மேலாளரே சிரித்துவிடுவார்.

அந்த வருஷம் அலுவலகத்தில் மாறுவேட விருந்து என்றதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. வாடகைக் கடையில் கிடைத்த ராஜா அங்கி முழங்காலோடு நின்றுவிட்டது. கடற்கொள்ளைக்காரனாகப் போகலாமென்றால், "ஒரு கண்ணைக் கட்டிக்கிட்டா படியில உருண்டுதான் போவீங்க" என்றாள் மனைவி.

விருந்துக்கு இரண்டு நாள் இருக்கையில், தாழ்வாரம் துடைக்கும் அக்கா வாளியும் கையுமாக எதிரே வந்தாள். சேலைக்கு மேல் வேலைக்கான நீலக் கோட்டு. ஒரு தோள் இறங்கியிருக்கும். இடது காலை இழுத்து நடப்பாள். அவனுக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"அக்கா, உங்க பழைய நீலக் கோட்டு ஒண்ணு கிடைக்குமா? வேஷத்துக்கு."

"என் கோட்டா? தாராளமா எடுத்துக்குங்க தம்பி. ஆனா உங்களுக்குக் கை எட்டாதே!"

மறுநாள் கோட்டைத் துவைத்து, இஸ்திரி போட்டு, கைமடிப்பைப் பிரித்து நீளமாக்கிக் கொண்டுவந்து கொடுத்தாள். "என்ன வேஷம்னு சொல்லவே இல்லையே?"

"வந்து பாருங்க, தெரியும்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தான்.

விருந்தன்று வாளியோடு கூடத்துக்குள் நுழைந்தான். தோளை இறக்கி, காலை இழுத்து, மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு சுற்று வந்தான். கூடம் அதிர்ந்தது. மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். கைதட்டல் ஓயாததால் காலை இன்னும் கொஞ்சம் இழுத்து இரண்டாவது சுற்றும் கிளம்பினான்.

பாதியில்தான் பார்த்தான். வாசல் ஓரம் அக்கா நின்றிருந்தாள், நல்ல துணி உடுத்தி, தலை வாரி. கோட்டு அவனுக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறாள். மற்றவர்களோடு அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் காலைப் பார்த்தாள். குனிந்து தன் காலைப் பார்த்தாள். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

முதல் பரிசு அவனுக்குத்தான். வாங்கும்போது தலை நிமிரவில்லை. கூனிக் குறுகி நின்றதையும் நடிப்பென்று நினைத்து ஜனங்கள் மறுபடி கைதட்டினார்கள்.

திங்கட்கிழமை கோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனான்.

"நான் அப்படியா தம்பி நடக்கறேன்?" என்று கேட்டாள். குரலில் கோபமே இல்லை.

"இல்லக்கா, சும்மா கொஞ்சம் அதிகமாக்கிக் காட்டினேன்..."

"மறைக்காதீங்க. வீட்டுல கண்ணாடி முன்னால நடந்து பாத்துட்டேன். கால் வலிக்கும்னுதான் தெரியும். பாக்கறவங்களுக்கு இப்படித் தெரியும்னு தெரியாமப் போச்சு."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையென்று இருந்தது. மன்னிப்புக் கேட்க வந்தவன் கோட்டை அவள் கையில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டான். அந்த மன்னிப்பு வாயிலிருந்து வெளியே வர மூன்று வாரம் ஆயிற்று.

"சரி விடுங்க தம்பி" என்றாள். நிஜமாகவே விட்டுவிட்டவள் போலத்தான் பேசினாள். ஆனால் அவன் வரும் சத்தம் கேட்டால் துடைப்பதை நிறுத்திவிட்டுச் சுவரோடு சாய்ந்து நின்றுவிடுவாள். அவன் கடந்து போகும்வரை ஓரடி எடுத்து வைக்கமாட்டாள். அதற்காகவே அவன் பின்பக்கப் படியில் ஏறி இறங்கத் தொடங்கினான்.

சாப்பாட்டு நேரத்தில் யாராவது, "எங்கே, மேலாளர் மாதிரி ஒரு தடவை" என்பார்கள்.

"வரலைப்பா" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்ப்பான்.