ஜரீஃபா கூட்டிய நியாயசபை

ஜெருசலேம் சந்தைக்குப் பின்னால் குர்து யூதர்கள் நாங்கள் குடியிருக்கும் நாலு சந்துக்கும் ஜரீஃபாதான் தையல்காரி. இடுப்பளவைக் குறைத்துச் சொல்லும் பெண்களிடம், நாடாவுக்குப் பொய் தெரியாது என்று முகத்துக்கு நேரே சொல்லுவாள். அவள் வாய்க்குப் பயந்தே நான் அவளுக்கு நல்ல ஊறுகாயாகப் பார்த்துக் கொடுப்பேன்.

அவள் அப்பா மூர்தக், கல் கொத்துகிறவர், ஜெபக்கூடத்தின் நிர்வாகி. அச்சகத்தில் வேலை பார்க்கும் போலந்து யூதப் பையன் ஹெர்ஷலை மகள் தானே பார்த்து முடிவு செய்துவிட்டாள் என்றதும் மனுஷனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வேதச்சுருள் வைக்கும் தோராப் பெட்டியின் மேல் கைவைத்து, அந்தக் கல்யாணத்தில் தன் கால் படாது என்று சபதம் போட்டுவிட்டார்.

இரண்டு நாளில் கோபம் இறங்கிவிட்டது. சபதம் இறங்குமா? எங்கள் வழக்கப்படி, போட்டவனே அதை விழுங்க முடியாது. பிறர் முன் நின்று வருந்த வேண்டும். அவர்கள் விடுவிக்க வேண்டும். தேவைப்பட்டவன் என் வீட்டுக்கு வரட்டும் என்றார் எங்கள் ஜெபக்கூடத்துக் குரு ரப்பி அல்வான். ஜெபக்கூடத்தைக் கட்டிய கை இது, அவர் இங்கே வரட்டும் என்றார் மூர்தக். இரண்டு வாசலுக்கும் நடுவே நாற்பது அடிகூட இல்லை. கல்யாணமோ செவ்வாய்க்கிழமை.

திங்கள் காலை ஜரீஃபா என் கடைக்கு வந்தாள்.

"ஷாபோ மாமா, கையக் கழுவிட்டுக் கெளம்புங்க. இன்னைக்கு நீங்கதான் நியாயாதிபதி."

நான் ஜெபத்தையே தட்டுத்தடுமாறி வாசிப்பவன் என்றேன். ரப்பிதான் வேண்டும் என்று சட்டமில்லை, சாதாரண ஆட்கள் மூன்று பேர் போதும் என்றாள். பஸ் ஓட்டும் தர்வீஷையும் முடிவெட்டும் ஸாக்கோவையும் ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்த எங்களைப் பார்த்ததும் மூர்தக், இந்த மூஞ்சிகளா எனக்கு நியாயாதிபதிகள் என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அவள் விடவில்லை.

"அந்தக் காலத்து நியாயாதிபதி யெப்தா மட்டும் யாராம்? வீட்ட விட்டுத் தொரத்தின ஆளு. அவன் காலத்துக்கு அவன்தான் பெரிய தீர்க்கதரிசி சாமுவேல்னு நம்ம பெரியவங்களே சொல்லிட்டாங்க. இருக்கிற நியாயாதிபதிகிட்டதான்ப்பா போக முடியும்."

அந்தக் கதை எங்களில் யாருக்குத் தெரியாது? போரில் ஜெயித்தால் வீட்டு வாசலில் முதலில் எதிர்ப்படுவதைப் பலியிடுவதாக யெப்தா அவசரப்பட்டு நேர்ந்துகொண்டான். மாட்டிக்கொண்டது பெற்ற மகள். பிரதான ஆசாரியன் பினெகாஸ் அந்த நேர்த்தியை விடுவித்திருக்கலாம். நான் தலைவன், நான் போவதா என்றான் இவன். நான் ஆசாரியன், நான் போவதா என்றான் அவன். இரண்டு வீம்புக்கும் நடுவில் அந்தப் பெண் செத்தாள்.

"அவ மலைக்குப் போயி ரெண்டு மாசம் அழுதா. நான் அழ மாட்டேன்ப்பா. நீங்க வராட்டியும் நாளைக்குக் கல்யாணம் நடக்கும். ஆனா என் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போக யாரு இருக்கா?"

மூர்தக் எழுந்தார். கூடத்தில் எனக்கு என்றைக்குமே முன்வரிசை தராத மனுஷன், என் முன்னால் நின்று, வருத்தப்படுகிறேன் என்றார். உமக்கு விடுதலை என்று மூன்று பேரும் மூன்று முறை சொன்னோம்.

மறுநாள் கல்யாணப் பந்தலில் மகள் கையைப் பிடித்து நின்ற மூர்தக்கைப் பார்த்ததும் ரப்பியின் முகம் சுண்டிப்போயிற்று. உன்னை யார் விடுவித்தது என்று அவரிடம் கேட்டார்.

முக்காட்டுக்குள்ளிருந்து ஜரீஃபாதான் பதில் சொன்னாள்.

"நடந்து வந்தவங்க, ரப்பி."

ரப்பி ஆசீர்வாதம் சொல்லத் திராட்சரசக் கோப்பையைக் கையில் எடுத்தார்.