எலியைத் தின்ற சாட்சி

என்னைப் போல ஒரு மடையன் அந்தக் காலத்துக் கண்டியில் இருந்திருக்க முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி வழியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் மரியாதைக் குறைவு. எலி பக்கமே போகாத ஒரு பூனையை வளர்த்துக்கொண்டு, அது புலிக்குப் பிறந்தது என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

நான் தையல்காரன். மஹய்யாவப் பக்கம் ஏறுகிற சரிவில் ஒரே ஓட்டுக்கூரையின் கீழே ஒட்டிக்கொண்டு நின்ற கடைகளில் ஒன்று என்னுடையது. முன்னால் மெஷின், பின்னால் குடித்தனம். தீபாவளி நெருங்கினால் ஹேவாஹெட்டயிலிருந்தும் புசல்லாவையிலிருந்தும் தோட்டத்துக் கங்காணிமார் கறுப்புக் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்துவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் மனைவிக்கு ஒரு சட்டம், பூனைக்கு ஒரு சட்டம். வெட்டி வைத்த துணியில் அவள் ஈரக்கை பட்டால் குதிப்பேன். கங்காணியின் கோட்டு மேலேயே பூனை மத்தியானம் முழுக்கத் தூங்கினால், அதை எழுப்பாமல் மற்றக் கையைத் தைத்துக்கொண்டிருப்பேன். பாலை மூடாமல் வைத்தால் அவளுக்குக் கவனமில்லை. மூடியைத் தள்ளிவிட்டுக் குடித்தால் பூனைக்கு மூளை. ஒருநாள் அதன் முகத்தில் உட்கார்ந்த ஈயை நான் அளவு நாடாவால் விசிறிக்கொண்டிருந்தபோது, அவள் அடுப்படியில் இருந்தபடியே, நானும் கோட்டு மேல ஏறிப் படுத்துக்கிட்டா விசிறுவீங்களா என்று கேட்டாள். கோட்டு கசங்கிவிடும் என்று சொன்னேன். உண்மையாகவே சொன்னேன்.

வாசலைத் தாண்டினால் சட்டம் இன்னொரு தரம் மாறும். பக்கத்துக் கடை முஸ்லிம் பெரியவரை நானா என்றுதான் கூப்பிடுவோம்; கருவாடு விற்பவர். பாதி தின்ற கட்டாக் கருவாட்டை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு அவர் வந்து நிற்கும்போதெல்லாம், அது தெருப் பூனை, யார் வீட்டுதோ தெரியாது என்று ஆகாயத்தைப் பார்த்துச் சொல்வேன். அந்தத் தெருப் பூனை அப்போது மெஷினுக்கு அடியில் என் கெண்டைக்காலில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருக்கும். அது கத்துகிற சத்தம் வெளியே கேட்காமல் இருக்க, துணி இல்லாமலே மெஷினை ஓட்டுவேன். அன்று சாயங்காலமே மூலைக்கடை பேக்கரிக்காரர் மாவு மூட்டையை எலி கடிப்பதாக முறையிட்டால், நம்ம பூனை இருக்கிற வரிசையிலயா எலி என்று நெஞ்சை நிமிர்த்துவேன்.

அந்த வருஷம் மழையோடு பிளேக் பயமும் வந்தது. அரிசி மூட்டைகளோடு கொழும்பிலிருந்து வந்தது என்றார்கள். ஒரு வீட்டில் எலி தானாகச் செத்து விழுந்தால் போதும். அந்தக் கூரைக்குக் கீழே இருக்கிற அத்தனை பேரும் அன்றைக்கே வண்டியில் ஏறிக் கேம்புக்குப் போக வேண்டும். ஓட்டைப் பிரித்து, சுவரெல்லாம் மருந்தடித்து, பாய் தலையணையைத் தெருவில் போட்டுக் கொளுத்துவார்கள். கீழ்த்தெருவில் ஒரு வரிசைக்கு அப்படி நடந்தது. என் மெஷினில் உட்கார்ந்து தலை நிமிர்ந்தால், ஓடில்லாத அந்தக் கூரையின் மரங்கள் மழையில் நனைந்து நிற்பது தெரியும். கேம்பிலிருந்து திரும்பி வந்தவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. எல்லாரும் திரும்பி வரவுமில்லை.

என் மனைவிக்கு அப்போது நிறைமாதம். அதற்கு முந்தினது கைக்கு வராமலே போயிருந்தது. இந்தத் தடவை சரிவில் ஏறி இறங்கவே கூடாது என்று மருத்துவிச்சி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். கேம்பு என்பது வயல் ஓரத்தில் தகரம் போட்ட கொட்டகை. தரையில் தண்ணீர் ஊறும் என்று கேள்வி. ஓட்டுக்கு மேலே ஏதாவது ஓடினால் எனக்குத் தெம்பாக இருக்கும். எலி இன்னும் ஓடுகிறதே, சாகவில்லையே என்று.

அப்படி இருக்கையில் ஒரு நாள் காலை, எங்கள் பூனை வாயில் ஒரு எலியோடு வந்து என் காலடியில் உட்கார்ந்தது. அதன் வாழ்நாளில் முதல் எலி. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே தின்று முடித்துவிட்டது. மிஞ்சியது தலையும் வாலும். இந்த மடையன் என்ன செய்தேன் தெரியுமா? வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்ப் பேக்கரிக்காரருக்குக் காட்டினேன். நானாவுக்கும் காட்டினேன். பெருமை தாங்காமல் திரும்பி வந்தபோது மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஓடுற எலிய இது என்னைக்குங்க பிடிச்சிருக்கு?" என்றாள்.

மெதுவாகத்தான் கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோட்டு மேலே புரள்கிற இந்தச் சோம்பேறிக்கு அகப்பட்ட எலி, ஓட முடியாத எலியாகத்தான் இருக்க வேண்டும். அந்த வருஷத்தில் ஓட முடியாத எலி என்றால் என்ன அர்த்தம் என்று குழந்தைக்கும் தெரியும். ஒளித்து வைக்கவும் வழியில்லை. வாலைத் தெருவுக்கே காட்டியாயிற்று.

மத்தியானத்துக்குள் சுகாதாரம் பார்க்கிற சானிட்டரி ஐயா வந்துவிட்டார். யாழ்ப்பாணத்து மனிதர், குடையை மடக்காமலே பேசுகிறவர். தலையையும் வாலையும் குறட்டால் புரட்டிப் பார்த்துவிட்டு மிச்சம் எங்கே என்றார். பூனையைக் காட்டினேன். எலி முழுதாக இருந்தால் சோதனைக்கு அனுப்பலாம், இதில் அனுப்ப ஒன்றுமில்லை, ஆகவே பூனையைத்தான் பார்க்க வேண்டும் என்றார். ஒரு கிழமை, ஏழு நாளும், அடைத்து வைக்க வேண்டுமாம். அது சோர்ந்தாலோ, தின்னாமல் விட்டாலோ, கழுத்து வீங்கினாலோ, அந்த நேரமே வரிசை முழுதும் கிளம்ப வேண்டும். தெருப் பூனையென்றால் யாரும் பொறுப்பில்லை. அப்படியானால் இன்றைக்கே கிளம்ப வேண்டும்.

"பூனை ஆற்றை?" என்றார். யாருடையது என்று கேட்கிறார்.

தெருவே நின்று பார்த்தது. நானா தன் கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். என்னுடையதுதான் ஐயா என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வாசலுக்கு வெளியே சொன்னேன்.

"அப்பிடியா தம்பி," என்றார் நானா. "இத்தன காலமா எனக்குத் தெரியாமப் பெய்த்தே."

பூனையைக் கோழிக்கூட்டில் போட்டு உள்ளறையில் வைத்தோம். அன்று முதல் தெருவின் சட்டமும் மாறிவிட்டது. முன்பு அதன் மேல் கல்லெடுத்து எறிந்தவர்கள் வாசலில் நின்று, "சாப்பிட்டாரா?" என்று கேட்டார்கள். நானாவே மாசிக் கருவாட்டுத் துண்டும் நெத்தலியும் கொண்டுவந்து தன் கையால் ஊட்டினார். பேக்கரிக்காரர் பாணைப் பாலில் ஊறவைத்து அனுப்பினார். அது ஒவ்வொரு தடவை வாயைத் திறக்கும்போதும் ஒரு கூரைக்குக் கீழே இருந்தவர்கள் எல்லாரும் மூச்சு விட்டோம். நிறைமாதக்காரி சாப்பிட்டாளா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காதவர்களில் நானும் உண்டு. கூட்டுக்கு முன்னால் குந்தியிருந்து அதன் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பழைய சேலைகளைக் கிழித்து மடித்து, ஒரு மூட்டையாகக் கட்டிக் கதவுப் பக்கம் வைத்தாள். பிள்ளைக்கான துணி. எதற்குக் கதவுப் பக்கம் என்று நான் கேட்கவில்லை.

மழை விடவில்லை. கீழ்த்தெரு மருந்து வாடை சோற்றில்கூட அடித்தது. கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது பூனை எழும்பவில்லை. பாலை மூக்கருகில் வைத்தேன்; முகத்தைத் திருப்பிக்கொண்டது. கண் பாதி மூடிக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் கக்கியது. தொட்டுப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. கழுத்து எப்படி இருக்கிறதென்று தெரிந்துவிடுமே.

எப்படித்தான் போயிற்றோ செய்தி, வாசலில் விசாரிக்க ஆளில்லை. நானா தன் மூட்டைகளைக் கட்டத் தொடங்கினார். பேக்கரி அடுப்பு அணைந்தது. சானிட்டரி ஐயா குடையோடு வந்தார். பின்னால் ஒரு மாட்டு வண்டி சரிவில் முனகிக்கொண்டு ஏறி வந்து எங்கள் வாசலில் நின்றது. மனைவி சுவரைப் பிடித்து எழுந்து மூட்டையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அவர் கையுறை மாட்டிக்கொண்டு பூனையின் கழுத்தைத் தடவினார். காலிடுக்கைத் தடவினார். வயிற்றில் விரலை வைத்து அமுக்கினார், அது உறுமியது. பிறகு, கூட்டைச் சுற்றி நாங்கள் வரிசையாக வைத்திருந்த தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மாசி, நெத்தலி, பால், பாண், யாரோ வைத்த ஈரல்.

வண்டியில் வேறு யாரையும் ஏற்றாமல் இவளை மட்டும் படுக்க வைத்துக் கொண்டுபோக முடியுமா, நாங்களெல்லாம் நடந்தே வருகிறோம், வழி குண்டும் குழியுமாக இருக்கிறது ஐயா என்று எப்படியோ கேட்டு முடித்தேன்.

அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வாசலுக்குப் போய், வண்டியைத் திருப்பச் சொல்லிக் கை காட்டினார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"முதல் உந்தப் பூனைக்குத் தீன் போடுறதை நிப்பாட்டும்."