தாழ்ப்பாள் போட்டவன் வைத்த கொலு

பயம் வந்தால் சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், சிலருக்கு வயிறு கலக்கும். எனக்குக் கால் மட்டும் தனியாகக் கூடித் தீர்மானம் போட்டுவிடும். மற்ற அவயவங்களுக்குத் தகவல் பிறகுதான் வந்து சேரும். இப்படிப்பட்ட கால்களை வைத்துக்கொண்டு வலியசாலைத் தெருவில் நாற்பத்தாறு வயது வரை கௌரவமாக நடமாடியிருக்கிறேன் என்பதே பெரிய சாமர்த்தியம்.

திருவிதாங்கூரையும் கொச்சியையும் ஒன்றாகக் கட்டி இரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். ஆடி மாதத்து மழைக்காலை. என் மனைவி புளிப்பானையை எடுக்கச் சாமான் அறைக்குள் போனாள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. நான் சிம்னி விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். அரிசிப் பத்தாயத்துக்குப் பின்னால் கை தடிமனில் ஏதோ ஒன்று சோம்பல் முறித்தது. அடுத்த கணம் நான் வெளியே இருந்தேன். கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் போட்டிருந்தது. விளக்கு என் கையில் இருந்தது. மனைவி உள்ளே இருந்தாள்.

கொல்லைப்பக்கம் தேங்காய் பறிக்க வந்தவன் என் கூச்சல் கேட்டு ஓடிவந்து, தாழ்ப்பாளைத் திறந்து, ஒரு கம்பால் அதைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். "சேரயாணு சாமீ. எலியெ பிடிக்கான் வந்நதா. இதினெ ஆரெங்கிலும் பேடிக்குமோ?" என்றான். ஒரு சாரைப்பாம்புக்காக ஒருவன் பயப்படுவானா என்பது அவன் கேள்வி. பதில் எதிரே நின்றுகொண்டிருந்தது.

என் மனைவி வெளியே வந்து கையில் ஒட்டியிருந்த புளியைக் கழுவினாள். ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கும் ரசம் வைத்தாள்.

அவள் சொல்லாவிட்டால் என்ன, நான் சொன்னேன். எனக்குத் தெருவில் கோமாளி உத்தியோகம். சம்பளம் இல்லை, ஓய்வும் இல்லை. அன்று சாயங்காலம் பஜனை மடத்தில், மறுநாள் ஆபீசில், அதற்கடுத்த நாள் பழவங்காடியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு நின்றவர்களிடம், எல்லாரிடமும் சொன்னேன். "தாழ்ப்பாள் போட்டப்பறந்தான் ஓய் ஞாபகம் வந்தது, எனக்குக் கல்யாணம் ஆயிருக்குன்னு!" என்று முடிப்பேன். ஜனங்கள் தூணைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கதையில் ஓர் இடி வரும். இடிச்சத்தத்தில் உள்ளே அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்கவே இல்லை, அவள் எனக்கு முன்னாலேயே ஓடிவந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன் என்று சொல்வேன்.

அன்று இடி இடிக்கவில்லை. அவள் கூப்பிட்டது கேட்டது. நாலு தடவை கதவைத் தட்டி, "திறங்கோ, இருட்டா இருக்கு" என்றாள். நான் தாழ்ப்பாள் மேல் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன், அது தானாகத் திறந்துவிடக் கூடாதே என்று. இது இரண்டே பேருக்குத் தெரியும்.

ஆவணியில் ஒரு சீமந்த வீட்டில் நான் இந்தக் கதையை மூன்றாம் பந்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பெண்கள் பக்கத்திலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"சத்தம் கேக்கலைன்னா சொன்னேள்?"

"கதைக்காகச் சொன்னதாக்கும் அது. இடி வந்தாத்தானே சிரிப்பா."

மறுநாள் காலை நாலு புடவையை மூட்டை கட்டிக்கொண்டு கரமனையில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு சமஸ்தானம் ஒன்றான ஊரில் ஒரு வீடு இரண்டானது.

தம்பி, அதாவது என் மச்சினன், ஒரு நாள் வந்தான். சண்டை போடத் தெரியாத நல்ல பையன். "அத்திம்பேர், அவ ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறா. கதையைச் சொன்னேளோன்னோ, அதே வாயாலே, அதே மனுஷா முன்னாலே, நடந்ததை நடந்தபடி ஒரு தரம் சொல்லணுமாம். சொன்னா வந்துடறேன்னா."

"அவ்வளவுதானே," என்றேன். அவ்வளவுதான். அவன் போனபிறகு ஒரு மாதம் அதற்குச் சரியான சந்தர்ப்பம் தேடிக்கொண்டிருந்தேன். தேடுகிறவன் தினமும் அதைத் தாண்டித் தாண்டிப் போனேன்.

இதற்குள் புரட்டாசி அமாவாசை நெருங்கிவிட்டது. எங்கள் வீட்டுக் கொலு அவள் பிறந்தகத்திலிருந்து வந்தது. ஒரு வருஷமும் தப்பியதில்லை. பொம்மைகளைக் கேட்டு ஆள் அனுப்புவாள் என்று காத்திருந்தேன், அனுப்பவில்லை. அப்போதுதான் எனக்கு அந்தப் பிரமாதமான யோசனை தோன்றியது. நானே கொலு வைத்துவிட்டால்? தன் பொம்மைகள் படியில் நிற்கிறபோது பார்க்க வராமல் இருக்க அவளால் முடியாது. வந்தவள் அப்படியே இருந்துவிடுவாள். சொல்லவேண்டியதைச் சொல்லாமலே காரியம் முடிந்துவிடும்.

பொம்மைப் பெட்டி சாமான் அறைப் பரணில் இருந்தது. ஆடிக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போனதில்லை. அரிசியைக் கடையில் அன்றன்றைக்கு வாங்கிக்கொண்டிருந்தேன். மூன்று விளக்குகளை ஏற்றி வாசற்படியில் வரிசையாக வைத்தேன். கைத்தடியை எடுத்துக்கொண்டேன். கிணற்றுக் கயிற்றின் ஒரு முனையைக் கதவு வளையத்திலும் மறுமுனையைக் கூடத்துத் தூணிலும் கட்டினேன், கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க. வீட்டில் என்னைத் தவிர ஆள் கிடையாது. தாழ்ப்பாள் போட யாரும் இல்லை. இருந்தும் கயிற்றை இரண்டு முடிச்சுப் போட்டேன். பாம்பைவிடக் கதவு பயமாக இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

படி கட்டுவது சுலபம் என்று நினைக்கிறவர்கள் பெண்கள் கட்டுவதை மட்டும் பார்த்தவர்கள். கீழே இரண்டு டிரங்குப் பெட்டி, அதற்குப் பின்னால் மண்ணெண்ணெய் டின் வந்த மரப்பெட்டி நாலு, அதற்கும் பின்னால் சாப்பாட்டு மேஜை, மேஜை மேல் மணைப்பலகைகள். ஐந்து படி. மேலே என் கல்யாண வேஷ்டியை விரித்தேன். அது இன்னும் என் இடுப்பைச் சுற்றும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். விரித்தபோது உண்மை தெரிந்தது.

கிழக்கேகோட்டையில் வர்ணக் காகிதம் வாங்கிவந்து விரல் அகலத்துக்கு வெட்டி, மைதாப் பசை காய்ச்சி, வளையத்துக்குள் வளையமாக மாட்டி முப்பது முழம் சங்கிலி செய்தேன். பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலக்காவிட்டால் கரப்பான் வரும் என்பது எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் காலையில் சங்கிலி கண்ணி கண்ணியாகக் கீழே கிடந்தது. கரப்பான்கள் விருந்து முடிந்து தாம்பூலத்துக்கு நின்றன. மறுபடி காய்ச்சினேன். மரப்பாச்சித் தம்பதிக்குச் சிவப்புக் காகிதத்தில் புடவையும் ஜிகினாவில் அங்கவஸ்திரமும் கட்டினேன். கொட்டாங்கச்சிகளில் மண் நிரப்பிக் கேழ்வரகு தெளித்துப் பயிர் முளைக்க வைத்தேன். அது மட்டும் நன்றாக வந்தது. என் கை படாமல் தானாக வளர்கிற சமாசாரம் அல்லவா? சவரக் கண்ணாடியைப் படுக்கவைத்து ஓரத்தில் மணல் கொட்டிக் குளம் செய்தேன். ஒன்பது நாளும் முகத்தைத் தடவிப் பார்த்தே சவரம் செய்தேன். பஞ்சில் இரண்டு அன்னம் பண்ணினேன். ஒன்று அன்னம், இன்னொன்று வெளுத்த காக்காய்.

காளிங்கன் மேல் கண்ணன் ஆடுகிற பொம்மை ஒன்று உண்டு. அதை எங்கே வைப்பது என்று அரை நாள் யோசித்து, மூன்றாம் படியில் செட்டியார் பொம்மைக்குப் பின்னால், பாம்பின் படம் தெரியாதபடி ஒளித்து வைத்தேன்.

சுண்டலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். முதல் நாள் கடலையை ஊறப்போட மறந்தேன். இரண்டாம் நாள் பயறு கூழானது. உருட்டி வடை என்று சொல்லிக் கொடுத்தேன். அதன் பிறகு ஊறப்போட்டேன், வேகவைத்தேன், தேங்காய் துருவிப் போட்டேன், ஆனாலும் என் கொண்டைக்கடலை நவராத்திரி முழுதும் ஒரே பிடிவாதமாக இருந்தது.

எனக்குத் தோன்றாமல் போன பெரிய விஷயம் வேறு. கொலு பார்க்க வருகிற பெண்களுக்குக் குங்குமமும் வெற்றிலை பாக்கும் கொடுக்க வேண்டும். அதை வீட்டுப் பெண்தான் கொடுக்கலாம். ஆண்பிள்ளை குங்குமச் சிமிழை நீட்டிக்கொண்டு ஊர்ப் பெண்கள் எதிரே போய் நின்றால் தெருவில் குடியிருக்க முடியாது. தட்டை ஒரு முக்காலியின் மேல் வைத்துவிட்டு நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "எடுத்துக்கோங்கோ, எடுத்துக்கோங்கோ" என்று குரல் கொடுத்தேன்.

கோடி வீட்டு மாமிக்கு எழுபது வயது. நான் அரைஞாணோடு ஓடிய காலத்திலிருந்து என்னைத் தெரியும். "ஏண்டா, தண்ணிப்பந்தல்லே மோர் வெச்சாப்பலேன்னா வெச்சிருக்கே! ஆத்துக்காரியை அழைச்சுண்டு வாயேன். கரமனை என்ன காசியா?" என்றாள். பிறகு, "அந்தப் பாம்புக் கதையையாவது சொல்லு, சிரிச்சுட்டுப் போறோம்" என்றாள்.

"நவராத்திரியிலே பாம்பைப் பத்திப் பேசப்படாது மாமி," என்றேன். அப்படி ஒரு சாஸ்திரம் கிடையாது. ஏழு நாள் அந்தச் சாஸ்திரத்தைக் கடைப்பிடித்தேன்.

எட்டாம் நாள் சாயங்காலம் அவள் வந்தாள்.

கோடி வீட்டு மாமியும் இன்னும் ஏழெட்டுப் பேரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் காலை அலம்பிக்கொண்டு வந்து, படிகளுக்கு முன்னால் நமஸ்காரம் செய்து, எழுந்து ஒவ்வொரு படியாகப் பார்த்தாள். சங்கிலியைப் பார்த்தாள், குளத்தைப் பார்த்தாள். மரப்பாச்சியின் காகிதப் புடவைக் கொசுவத்தைச் சரிசெய்தாள். செட்டியாரை ஓரமாக நகர்த்திக் காளிங்கனை முன்னால் இழுத்து வைத்தாள். பாய் ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் தொன்னையில் சுண்டல் கொண்டுபோய் வைத்தேன். ஒரு கடலையை மென்றாள்.

"உப்பை முன்னாலேயே போட்டுட்டேளாக்கும். வெந்தப்பறம் போடணும்."

எட்டு நாளாக ஊரே தின்றுவிட்டு நன்னா இருக்கு என்றது. குறை சொல்கிறவள் இருக்க வந்தவள்தானே என்று கணக்குப் போட்டேன்.

"இப்பச் சொல்லுடா பாம்புக் கதையை! இவளும் இருக்கா," என்றாள் கோடி வீட்டு மாமி.

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். ஆடிக்குப் பிறகு நேராகப் பார்த்தது அப்போதுதான். அதே மனுஷாள், அதே வாய். ஒரு மாதமாகத் தேடிய சந்தர்ப்பம் பாயில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தது. "அவ கூப்பிட்டா, எனக்குக் கேட்டுது." அவ்வளவு சொன்னால் போதும். வாயைத் திறந்தேன். உள்ளங்கால் குறுகுறுத்தது. கூட்டம் கூடித் தீர்மானம் நிறைவேறிவிட்டது.

"அன்னிக்கு இடின்னா இடி, மாமி, அப்படியொரு இடி…"

நான் அந்தக் கதையை அவ்வளவு நன்றாக என்றைக்கும் சொன்னதில்லை. விளக்கோடு ஓடியதை ஓடிக் காட்டினேன். தேங்காய் பறிக்கிறவன் குரலில் பேசினேன். "கல்யாணம் ஆயிருக்குன்னு ஞாபகம் வந்தது" என்றபோது ஒரு மாமிக்குப் புரையேறித் தலையில் தட்ட வேண்டியிருந்தது. "பேடித்தொண்டன்! பேடித்தொண்டன்!" என்று கோடி வீட்டு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தெருவிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி என்று பட்டம் வாங்குவதில் எனக்கு எப்போதும் ஒரு சௌகரியம். அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள்.

அவளும் கடைசிவரை கேட்டாள். சிரிப்பு அடங்கியதும், "முன்னைக்கு இப்போ இடி ஜாஸ்தி ஆயிருக்கு," என்றாள்.

அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

விளக்கு வைக்கிற நேரமாயிற்று. "முக்காலிக்கிட்டே போய் நாங்க தாம்பூலம் வாங்கணுமா? எழுந்திருடி, நீ குடு," என்று கோடி வீட்டு மாமி சொல்ல, அவள் எழுந்து தட்டை எடுத்தாள். ஒவ்வொருவருக்காகக் குங்குமம் கொடுத்து, வெற்றிலை பாக்கும் மஞ்சளும் வைத்துக் கொடுத்தாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தன் வீட்டில் தன் கையால் கொடுக்கிறாள். இனி எங்கே போகப்போகிறாள்? ராத்திரிக்கு அரிசி இருக்கிறதா என்று கூட யோசித்துவிட்டேன்.

எல்லாரும் போனபிறகு தட்டில் மிச்சமிருந்ததைப் பார்த்தாள். இரண்டு வெற்றிலை, ஒரு பாக்கு, ஒரு மஞ்சள் எடுத்துக்கொண்டாள். குங்குமத்தைத் தானே இட்டுக்கொண்டாள். வந்தவர்கள் எடுத்துக்கொள்வதுபோலத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு சொன்னாள். "விஜயதசமி சாயங்காலம் ஒரு பொம்மையைப் படுக்கவைக்கணும். அப்பறந்தான் எடுத்து வைக்கணும். மறந்துடாதேங்கோ."

மறக்கவில்லை. விஜயதசமியன்று மரப்பாச்சியில் எதைப் படுக்கவைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். ஆண் பொம்மையைப் படுக்கவைத்தேன். பெண் பொம்மை பக்கத்தில் நின்றது, காகிதப் புடவையில். கேழ்வரகுப் பயிர் மஞ்சளாகிச் சாய்ந்திருந்தது.

அடுத்த நாள் மச்சினன் கைவண்டியோடு வந்தான். அவனுக்கு என் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. "பொம்மைப் பெட்டியை எடுத்துண்டு வரச் சொன்னா, அத்திம்பேர். இனிமே அங்கேயே வெச்சுக்கறாளாம்."

இருவரும் தூக்கி வண்டியில் வைத்தோம். கயிறு கட்டினான். போகாமல் நின்றான்.

"அவகிட்டே ஏதாவது சொல்லணுமா?"

சொல்ல வேண்டியது நாலே வார்த்தை. கேட்கிறவன் ஒருவன்தான், அவனும் சாது.

"பெட்டியைத் திறக்கறச்சே பாத்துத் திறக்கச் சொல்லு. உள்ளே பாம்பு கீம்பு இருக்கப்போறது," என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. வண்டி கரமனைப் பக்கம் திரும்பும் வரை நின்றுவிட்டு உள்ளே வந்தேன். அதாகி ஐந்து வருஷம், இப்போது எனக்கு ஐம்பத்தொரு வயது. சாமான் அறைக் கதவைத் தூணோடு கட்டிய கயிறு இன்னும் அப்படியே இருக்கிறது. போகிறவர்கள் தடுக்கி விழாமல் தாண்டிப் போகப் பழகிக்கொண்டார்கள் என்று எழுதலாம்தான். போகிறவன் நான் ஒருவன்.