நாய்க்கு மட்டும் கை காட்டலாம்

மீசையை எடுத்துவிட்டுத் துறைமுகத்துக்குள் போன முதல் நாள், கேட்டில் நின்ற செக்யூரிட்டி என் பாஸை இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தான். உள்ளே இருந்த கூட்டாளிகள் சும்மா விடுவார்களா? "இன்னா மாமு, மீசைய வூட்லயே மறந்துட்டு வந்துட்டியா?" என்றான் ஒருத்தன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், அன்றைக்கும் வந்தது. ஆனால் காரணத்தை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை.

காரணம் என் மகள். பிறவியிலேயே அவளுக்குக் காது கேட்காது. அப்போது ஏழு வயது, ராயபுரத்தில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றில் படித்தாள். வீட்டில் யாரும் கையைக் காட்டிப் பேசக் கூடாது என்று தலைமை ஆசிரியை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். உதட்டைப் பார்த்துத்தான் பிள்ளை புரிந்துகொள்ள வேண்டும், கைக்குப் பழகிவிட்டால் பேச்சே வராது என்றார். அந்தக் காலத்தில் பல பள்ளிகளில் அதுதான் முறை. என் மீசை உதட்டை மறைக்கிறது என்றும் சொன்னார். பெற்ற பிள்ளைக்காக மீசை போனால் என்ன, அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

இதில் கொடுமை என்னவென்றால் என் பிழைப்பே கைதான். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் கிரேனுக்குச் சைகை காட்டுகிற வேலை. மேலே கேபினில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கீழேயிருந்து தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. விரலை வானத்துக்கு நீட்டிச் சுற்றினால் தூக்கு. அதை 'ஹாபீஸ்' என்போம். உள்ளங்கையைக் கவிழ்த்துத் தாழ்த்தினால் இறக்கு, அது 'ஆரியா'. முஷ்டியை உயர்த்தினால் அப்படியே நில். இரண்டு கையையும் குறுக்கே வீசினால் வேலை நின்றுபோச்சு என்று அர்த்தம். நாள் முழுக்கக் கையால் பேசிவிட்டு, காலடிப்பேட்டை வீட்டுக்கு வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு மகள் முன்னால் வாயை அசைப்பேன். பாதி அவளுக்குப் புரியாது. புரியாததற்கும் தலையாட்டுவாள். அது எனக்குத் தெரியும், ஆனாலும் தெரியாத மாதிரி இருந்துவிடுவேன்.

எங்கள் நாய் கன்டெய்னர் யார்டில் பிறந்தது. பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று மடிந்திருக்கும். பெயர் ஒன்றும் தோன்றாமல் 'நைனா' என்று கூப்பிட்டோம், அதுவே நிலைத்துவிட்டது. பள்ளி விட்டு வந்ததும் மகள் அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடப்பாள்.

ஒரு நாள் அவள் பள்ளிக்கு, கழுத்தில் நீலத் துணி கட்டிய நாய் ஒன்று வந்து போனது. வீட்டு நாய்களைப் பழக்கி, இந்த மாதிரிப் பள்ளிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் கூட்டிப்போகிற ஒரு குழு ஊரில் இருந்தது. சும்மா உடன் இருப்பதுதான் அந்த நாய்களின் வேலை. பிள்ளைகள் தடவுவார்கள், கட்டிக்கொள்வார்கள், மனம் லேசாகும். மகள் நோட்டில் ஒரு படம் வரைந்து என் முன் வைத்தாள். நைனா, கழுத்தில் நீலத் துணி, பின்னால் அவளுடைய பள்ளி. கீழே 'எப்போது?' என்று எழுதியிருந்தாள். "அடுத்த மாசம்" என்று வாயை அகலத் திறந்து சொன்னேன். முன்பின் யோசிக்காமல் வாக்குக் கொடுப்பது என் புத்தி. அந்தக் குழு வைக்கும் தேர்வில் தேறிய நாயைத்தான் உள்ளே விடுவோம் என்று தலைமை ஆசிரியை பிறகுதான் சொன்னார்.

ஞாயிறு காலையில் அடையாறு பக்கம் ஒரு மைதானத்தில் பயிற்சி. பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். காசிமேட்டில் இருந்த என் தோஸ்து தான் மீன் ஏற்றுகிற மீன்பாடி வண்டியைக் கொண்டுவந்தான். மற்ற நாய்கள் காரிலிருந்து ஷாம்பு வாசத்தோடு இறங்கின. நைனா வஞ்சிர வாசத்தோடு இறங்கியது. அத்தனை நாய்களும் வந்து அதைத்தான் மோந்தன.

பயிற்சி கொடுத்த அம்மா கறாரானவர். பின்னால் வந்து எவர்சில்வர் தட்டைப் போடுவார், படக்கென்று குடையை விரிப்பார், சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருவார். காரில் வந்த நாய்களெல்லாம் துள்ளிக் குதித்தன. நைனா கண்ணைக்கூடத் திறக்கவில்லை. மணலி டேங்கர் லாரிகளின் ஹாரனில் தூங்கி வளர்ந்ததற்குத் தட்டெல்லாம் எம்மாத்திரம்? "இவ்வளவு நிதானமான நாயை நான் பார்த்ததில்லை" என்றார் அந்த அம்மா. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் உட்காரச் சொன்னால் உட்காராது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தொண்டை பெரிசு, தெருவுக்கே தொண்டை பெரிசு. மனிதக் குரல் என்றால் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிற மோட்டார் என்று அது முடிவு செய்திருந்தது. 'சிட்' என்றேன், 'குந்து' என்றேன், கெஞ்சினேன், கத்தினேன். "யோவ், நீ கத்துற கத்துல தெருவே குந்திடும் போலக் கீது, அது மட்டும் குந்தல" என்றாள் என் மனைவி.

வெறுத்துப்போய் ஒரு நாள், வேலை ஞாபகத்தில் உள்ளங்கையைக் கவிழ்த்து ஆரியா காட்டினேன். நைனா என் கையையே பார்த்தது. பொறை ரொட்டி ஒன்றைப் போட்டேன். மறுபடி காட்டினேன். உட்கார்ந்தது. பத்தே நாளில் எழுந்திரு, அசையாமல் நில், வேலை நின்றுபோச்சு, எல்லாம் கற்றுக்கொண்டது. பின்பக்கம் அடிபம்பு ஓரத்தில்தான் பழக்கினேன். மகள் கண்ணில் கை பட்டுவிடக் கூடாதே என்று, அவள் வீட்டில் இருந்தால் கதவைச் சாத்திவிடுவேன்.

தேர்வு நாளில் குட்டு உடைந்தது. நாய்க்காரர் தள்ளி நிற்க வேண்டும், வேறொருவர் வாயால் சொல்வார், நாய் கேட்க வேண்டும். அந்த அம்மா சொன்னார். நைனா அவர் வாயை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. நான்கு தடவை சொல்லியும் அதே கதைதான். "மன்னிச்சுக்குங்க, குரலுக்கு வராத நாயைப் பிள்ளைங்க கிட்ட விட முடியாது" என்றார். மகள் வரைந்த அந்தப் படத்தை எப்படி எதிர்கொள்வது என்பதுதான் வண்டியில் வரும் வழியெல்லாம் என் கவலை.

மகள் வாசலிலேயே நின்றாள். நைனாவின் வெறுங்கழுத்தைப் பார்த்தாள். பிறகு என் உதட்டைப் பார்த்தாள். "தோத்துட்டோம்மா" என்றேன். புரியவில்லை. மறுபடி சொன்னேன், என் உதடு நடுங்கியது, அதில் அவள் எதைப் படிப்பாள்? வழக்கம்போலத் தலையாட்டினாள். அப்புறம் நைனா பக்கம் திரும்பி, சின்ன உள்ளங்கையைக் கவிழ்த்து ஆரியா காட்டினாள். அது உட்கார்ந்தது. விரலைச் சுற்றினாள், எழுந்தது. முஷ்டியை உயர்த்தினாள், கல் மாதிரி நின்றது. சாத்திய கதவின் இடுக்கு வழியாக இவள் ஒன்று விடாமல் பார்த்திருக்கிறாள்.

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. யார்டில் பிறந்த நாயோடு கையால் பேசியிருக்கிறேன். பெற்ற மகளிடம் ஏழு வருடத்தில் ஒரு தடவைகூட அப்படிப் பேசவில்லை. கட்டியிருந்த கையை அவிழ்த்தேன். இரண்டு கையையும் குறுக்கே வீசிக் காட்டினேன்: நின்றுபோச்சு. உடனே புரிந்தது அவளுக்கு. கண் நிறைந்துவிட்டது. என்னை நேராகப் பார்த்து, ஒற்றை விரலை நீட்டிச் சுற்றினாள். ஹாபீஸ். தூக்கு, திரும்பத் தூக்கு.

அடுத்த ஞாயிறு அவளையும் மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். மைதானத்தின் நடுவே நின்று, கப்பலையே இறக்குகிறவள் மாதிரி அவள் கை காட்ட, நைனா ஒவ்வொன்றாகச் செய்தது. பயிற்சி அம்மா நெற்றியில் தட்டிக்கொண்டார். "அந்தப் பள்ளிக்கூடத்துல குரல் கொடுக்கப் போறது யாரு? எனக்குத்தான் புத்தி வேலை செய்யல" என்று சொல்லி, தன் கையாலேயே நீலத் துணியைக் கட்டிவிட்டார்.

தலைமை ஆசிரியை லேசில் மசியவில்லை. கடைசியில், "வெள்ளிக்கிழமை அரை மணி நேரம். நாய்க்கு மட்டும் கை காட்டலாம்" என்றார்.

முதல் வெள்ளிக்கிழமை நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். முதலில் மகள் காட்டினாள். பிறகு ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து வந்து காட்டியது. நைனா சலிக்காமல் உட்கார்ந்தது, எழுந்தது. கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் நாயை மறந்துவிட்டு ஒருவருக்கொருவர் கை காட்டிச் சிரிக்க ஆரம்பித்தார்கள். நைனா நடுவில் படுத்துத் தூங்கிப்போனது. தலைமை ஆசிரியை கதவருகே வந்தார், பார்த்தார். அரை மணி நேரம் தாண்டியும் நிறுத்தச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் நானும் மகளும் நைனாவும் கல்மண்டபத்திலிருந்து கடலோரச் சாலை வழியாக நடந்தே வந்தோம். வகுப்பில் நடந்ததையெல்லாம் மகள் வழி நெடுகக் கையால் சொல்லிக்கொண்டு வந்தாள். இருக்கிற சைகை போதாதபோது புதிதாக ஒன்றை உண்டாக்கினாள். நானும் பதில் சொன்னேன். லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நடந்தேன்.

மறுநாள் காலையில் ஷேவ் பண்ணும்போது மேலுதட்டை மட்டும் விட்டுவிட்டேன்.