பெடல் திரும்பிய கதை

வீரபாண்டியில் சர்க்கஸ் போட்டிருந்தபோது என் ஒற்றைச் சக்கர சைக்கிளின் ஹப், சக்கரத்தின் நடுக்குடம், உடைந்தது. மாலை ஆட்டத்துக்குள் சரியாகாவிட்டால் என் வேலை போய்விடும்.

சைக்கிள் கடைக்காரர் பெருத்த மீசைக்காரர். போல்ட்டைக்கூட “உள்ள போங்க சாமி” என்றுதான் முடுக்குவார். புது ஹப்பில் கம்பி கோத்து, சக்கரத்தைப் பழைய ஃபோர்க்கில் மாட்டினார். நான் கிளம்பும்போது சைக்கிளைப் பிடுங்கி, மாட்டிய சக்கரத்தை மறுபடி கழற்றினார்.

“யோவ், விளையாடுறியா?” என்று கத்தினேன்.

“தப்பு என்னுதுதானுங்க. சக்கரத்த இடம்வலம் மாத்திப் போட்டுட்டனுங்க. அதோட சேந்த பெடலும் பக்கம் மாறி, மரை எதிர்வாட்டத்துல சுத்துமுங்க. மிதிக்க மிதிக்கப் பெடல் கழண்டு உங்களக் கவுத்துப்போடுமுங்க.”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளாமல் திருப்பி மாட்டினார்.

அன்று மாலை ஆட்டத்தில் விழாமல் ஓட்டி இறங்கியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நான் விழுந்திருப்பேன். குடித்துவிட்டு ஏறினான் என்று என்னைத்தான் எல்லோரும் சொல்லியிருப்பார்கள்.